தலைவாசலில் வெடித்த டயர்: ஒரு கோடைப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கம், வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். அனுப்பிய பொருள் பழுதென்று திரும்பி வந்தால், யாரையும் திட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து ‘ஏன்?’ என்று எழுதுவோம். கிடைக்கும் பதிலுக்குக் கீழே மறுபடியும் ‘ஏன்?’. டொயோட்டாக்காரர்கள் உலகத்துக்குப் பழக்கிவிட்ட முறை இது. ஐந்து முறை கேட்டால் பெரும்பாலும் ஆணிவேர் கைக்கு வந்துவிடும். இந்த வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று எனக்கும் கணவருக்கும் ஓர் உடன்படிக்கை உண்டு. 2024 மே மாதம் அதை மீறினேன்.

மீற வைத்த பயணம் இது. மே 11, சனிக்கிழமை, தாம்பரத்திலிருந்து ஊட்டிக்கு. நான், கணவர், 13 வயது மகள், 6 வயது மகன், 72 வயது மாமனார் என்று காரில் ஐந்து பேர். மாமனாரை நான் மாமா என்றுதான் அழைப்பது, இங்கும் அப்படியே எழுதுகிறேன். கார் 2017 தொடக்கத்தில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். ஏழு ஆண்டுகளில் 34,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, அதுவும் பெரும்பாலும் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே, மூன்றாவது கியரைத் தாண்டாமல்.

நாங்கள் தயாராகவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு வாரம் தயாரானோம். என் நோட்டில் இன்னமும் அந்தப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 61 வரிகள். ஸ்வெட்டர், குல்லா, தைலம், பிளாஸ்க், செல்போன் சார்ஜர், மகனுக்கு வண்ணப் பென்சில், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் ஐந்து எவர்சில்வர் பாட்டில்கள். நான்கு நாள் முன்னால்தான், மே 7 அன்று, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது. அதையும் முதல் நாளே எடுத்து, போனில் இருப்பது போதாதென்று அச்சும் எடுத்து வைத்திருந்தேன். காருக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி: ‘சர்வீஸ் – முடிந்தது’.

நடந்தது

ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஏழு இருபதுக்குக் கிளம்பினோம். இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றது ஒரு காரணம். கோலம் போட்டுவிட்டுத்தான் வாசல் பூட்ட வேண்டும் என்று நான் அடம்பிடித்தது இன்னொன்று. சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கியவர்களுக்கு அடுத்து நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதே வெயில் கண்ணாடியைச் சுட்டது. திண்டிவனம், விழுப்புரம் கடந்து உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பினோம். கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டரை மணி. “பசிக்கிறதா மாமா?” என்று கேட்டேன். “குழந்தைகளுக்காகத்தானே வந்திருக்கிறோம், சேலத்தில் நல்ல ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பிடலாம்” என்றார்.

தலைவாசலுக்கு அருகில், ஒன்று நாற்பதுக்கு, பின்பக்க இடது டயர் வெடித்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ அடியில் கோணிப்பையைக் கட்டி இழுப்பதுபோல ஒரு உறுமல், அதன் பின் கார் தானாக இடதுபக்கம் சாய்ந்தது. கணவர் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து வேகத்தைத் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்டினார். அந்தப் பயணத்தில் நாங்கள் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று பிற்பாடு ஆய்வுத்தாளில் எழுதி வைத்தேன்.

ஜாக்கி டிக்கியின் அடித்தளத்தில் இருந்தது. அதன் மேல் ஐந்து பேரின் நான்கு நாள் வாழ்க்கை. எல்லாவற்றையும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கி ஸ்டெப்னியை எடுத்தால், அதில் காற்று இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட யாரும் அதற்குக் காற்றுப் பிடிக்கவில்லை. கணவர் ஒரு சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு தலைவாசல் காய்கறிச் சந்தைப் பக்கமிருந்த பஞ்சர் கடைக்கு, காற்றுப் பிடிக்க, அந்த ஸ்டெப்னியை எடுத்துப் போனார்.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த மாமாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். கை நடுங்கிற்று, கேட்டதற்கு வேறேதோ பதில் சொன்னார். மகள்தான், “அம்மா, தாத்தா சரியாகப் பேசவில்லை” என்றாள். சர்க்கரை மானியில் 58, மிகவும் குறைவு. காலை ஏழு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டவர், மணி மூன்றாகியும் சாப்பிடவில்லை. அவருடையது காலை, மாலை இரண்டு வேளை போடும் கலவை இன்சுலின். காலையில் போட்ட ஊசியே மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து வேலை செய்யும், சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்க்காது. புளியோதரையும் தயிர்சாதமும் சாலையோரத்தில் எந்தப் பைக்குள் இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தபோது, மகன் தன் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை நீட்டினான். அதைக் குடித்துக் கால் மணி நேரத்தில் 84. பிறகு புளியோதரை கிடைத்தது.

மேட்டுப்பாளையம் சேர இரவு ஒன்பதரை. மலை ஏறாமல் அங்கேயே தங்கினோம்.

மறுநாள் ஞாயிறு. மலர்க் கண்காட்சி தொடங்கியிருந்த நேரம். கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, வரிசைக்குத்தான் நேரம் ஆனது. பர்லியாருக்கு முன்னால் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போன கணவரை, பழக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் கிட்டத்தட்ட அதட்டியே நிறுத்தினார். கொதிநீர் முகத்தில் அடித்தவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். முக்கால் மணி நேரம் மங்குஸ்தானும் குரங்குகளுமாகக் கழிந்தது. மகன் அதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான்.

ஊட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பூக்கள் இருந்தன, அவற்றுக்கு முன்னால் முதுகுகள் இருந்தன.

செவ்வாயன்று கோத்தகிரி வழியாக இறங்கினோம். சீசனில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில், கருகிய வாடை. அடுத்த வளைவில் பிரேக் பெடல் ஈரத் துணியை மிதித்ததுபோல உள்ளே போனது. கணவர் எதுவும் பேசாமல் இரண்டாம் கியருக்கு மாற்றி, கைபிரேக்கை மெதுவாக இழுத்து, ஓரத்து மண்மேட்டில் நிறுத்தினார். காரிலிருந்த யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தேன்.

ஏன், ஏன், ஏன்

டயர் ஏன் வெடித்தது? பக்கச்சுவர் சூடேறிப் பிய்ந்தது. ஏன் சூடேறியது? காற்று குறைவு, பாரம் அதிகம். ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் முழுப் பாரத்துக்குக் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்கிறது. போட்டிருந்தது 28. ஏன் 28? சர்வீஸ் விட்ட இடத்தில் “வெயில் காலம், நீண்ட தூரம், காற்றைக் கொஞ்சம் குறைத்தே போட்டிருக்கிறேன்” என்று சொல்லியிருக்கிறார்கள், கணவரும் அது அக்கறை என்று எடுத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஆண்டுதோறும் கோடையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இந்த யோசனை தலைகீழானது. சூட்டில் காற்று விரிவதென்னவோ உண்மைதான். ஏறத்தாழ ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. கூடும். ஆனால் அந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த டயருக்கான அளவை ஸ்டிக்கரில் எழுதுகிறார்கள். காற்றைக் குறைத்தால் டயர் சப்பையாகி, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடிப்பில் சுடுமே, அதே கதைதான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் இது நிமிடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் முறை நடக்கிறது. (நைட்ரஜன் போட்டால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு: நாம் இலவசமாகப் பிடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.)

இது பாதிப் பதில்தான். கிழிந்த டயரின் பக்கச்சுவரில், டாட் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடினேன். 3816. அதாவது 2016ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. வெடித்த அன்று அதற்கு ஏழரை வயதுக்கு மேல். ரப்பர் ஓடினால் தேயும், ஓடாவிட்டால் காயும். ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டால் ஆண்டுக்கொரு முறையாவது தேர்ந்த கண்ணுக்குக் காட்ட வேண்டும். எங்கள் டயரிலோ பட்டைப் பள்ளங்களின் ஆழம் கிட்டத்தட்டப் புதிதுபோல இருந்தது. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால்தான் சட்டப்படி மாற்ற வேண்டும். அந்த அளவுகோலால் பார்த்தவர்கள் எல்லாரும், நான் உட்பட, “டயர் அருமையாக இருக்கிறது” என்றோம். பக்கச்சுவரின் நுண்ணிய வெடிப்புகளைக் குனிந்து பார்க்கவில்லை.

பிரேக் ஏன் போனது? திரவம் கொதித்து ஆவியானது. திரவத்தை அழுத்தினால் அது அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். பெடல் உள்ளே போகக் காரணம் அதுதான். ஏன் கொதித்தது? பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே அல்ல. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் ஒரு திரவம் அது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, நீர் கலந்தபின் 140. டாட் 4 வகையில் 230, நீர் கலந்தால் 155. தாம்பரத்தின் கடற்காற்றில் ஏழு வருடம் ஊறியதில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இதில் ஓட்டிய விதத்துக்கும் பங்கு உண்டு. கணவருக்கு இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம். பெட்ரோல் மிச்சம் என்று அவர் அப்பாவிடம் கற்றது. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதாவது இருந்திருக்கலாம். இப்போதைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பு அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. அதே மலையில் ஏறும் ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 1899 முதல் தண்டவாளத்தின் நடுவில், எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொள்ள, பல்வரிசை போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி யாரும் இறங்கச் சொல்லவில்லை. காருக்கு அந்தப் பல்வரிசை இரண்டாம் கியர். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

எஞ்சின் ஏன் கொதித்தது? எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறையும் போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறோம். எங்கள் பகுதித் தண்ணீரில் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை படியும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் மட்டும் தப்புமா? ஊரில் ஓடும்போது சமாளித்தது. ஐந்து பேர், முழு ஏ.சி., ஊர்ந்து ஏறும் மலை என்று மூன்றும் சேர்ந்தபோது கைவிட்டது.

மூன்று தாள்களையும் அருகருகே வைத்தபோது கடைசி வரி மூன்றிலும் ஒன்றாகவே இருந்தது. காருக்கான கையேட்டை எடுத்தேன். பிரேக் திரவம், கூலன்ட் ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, “எது முந்துகிறதோ அது” என்று போட்டிருந்தது. நாங்கள் ஏழு வருடமும் அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டுமே வாசித்திருக்கிறோம். “இன்னும் நாற்பதாயிரம் ஓடவில்லையே!” குறைவாக ஓடிய கார் நல்ல கார் என்பது விற்கும்போது உதவும் நம்பிக்கை. மலை ஏறும்போது அது உதவாது.

மாமாவின் தாளை நான் தனியாக வைத்தேன். அங்கே கேள்வி கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏன் சாப்பிடவில்லை? பசியில்லை என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? தன்னால் வண்டி நிற்கக் கூடாது என்று. ஏன்? மூன்றாவது ‘ஏன்’ என்னிடம் வந்து நின்றது. வீட்டில் பன்னிரண்டரைக்குத் தட்டு வைப்பவள் நான். அவர் ஒருநாளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரில்லை. அவருடைய உடல் சீராக இருந்தது அந்த வீட்டின் ஒழுங்கினால். காரில் ஏறியபோது அந்த ஒழுங்கை நாங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பட்டியலின் 61 வரிகளில் அது இல்லை.

இரண்டாம் முறை

2025இல் மறுபடி ஊட்டிக்கே போவது என்று முடிவானபோது, தோழிகள் சிரித்தார்கள். அதே இடத்துக்குப் போனால்தான் மாற்றியவை வேலை செய்தனவா என்று தெரியும். தொழிற்சாலைப் புத்தி.

இம்முறை நாளைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தோம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஏப்ரல் முதல் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்களுக்குத்தான் இ-பாஸ் என்று வரம்பு வந்திருந்தது. 2024இல் இ-பாஸ் வெறும் பதிவு, விண்ணப்பித்த எல்லாருக்கும் கிடைத்தது. 2025இல் அது இடம் பிடிக்கும் வேலையாகிவிட்டது. ஆகவே தங்குமிடத்துக்குப் பணம் கட்டும் முன்பே பாஸ் எடுத்தோம். மே 12, திங்கள் அதிகாலை கிளம்பி, 13 காலை மலை ஏறி, 16இல் இறங்குவது என்று திட்டம். மலர்க் கண்காட்சி 15இல்தான் தொடக்கம். கூட்டம் வரும்போது நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, ஒரே நாளில் ஊட்டி என்ற ஆசையை விட்டோம். தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ 530 கிலோமீட்டர். அதில் கடைசி ஐம்பது, 325 மீட்டர் உயரத்திலிருந்து 2,240 மீட்டருக்கு ஏறுவது. களைத்த ஓட்டுநரிடம் பயணத்தின் கடினமான பகுதியைக் கொடுப்பது என்ன கணக்கு? அவிநாசியில் ஓர் இரவு என்று முடிவு செய்தோம். இதற்கு மாமா தனியாக மகிழ்ந்தார். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்ட தலம் அது. பேரனுக்கு அந்தக் கதையைக் குளக்கரையிலேயே சொல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசையாம். ஓய்வுக்காகப் போட்ட நிறுத்தம் பயணத்தின் சிறந்த மாலையாக அமைந்தது. இதைத் திட்டமிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

காருக்கு மூன்று வாரம் முன்பே வேலை தொடங்கினோம். சர்வீஸ் விட்டுவிட்டு மறுநாளே கிளம்புவது பெரிய தவறு. புதிதாகக் கழற்றி மாட்டிய பாகம் தளர்ந்திருந்தால் அது நெடுஞ்சாலையில்தான் தெரியும். ஊருக்குள் பத்து நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கு புது டயர், பிரேக் திரவம், ரேடியேட்டரைக் கழுவிப் புதுக் கூலன்ட், ஐந்து வயதைத் தொட்டிருந்த பேட்டரி. டயருக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம். திரவம் இரண்டும் சேர்ந்து மூவாயிரத்துக்குள். ஊட்டியில் சீசனில் ஒரு நல்ல அறைக்கு ஓர் இரவுக்குக் கேட்பதைவிட இந்த மூவாயிரம் குறைவு என்று கணவருக்குக் காட்டினேன். டயர் கடையில் தயாரிப்பு வாரத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தவை இரண்டு வருடம் அலமாரியில் இருந்தவை. கேட்டதும் உள்ளே போய் வேறு கொண்டுவந்தார்.

டிக்கியை அடுக்கும் முறையும் மாறியது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், டார்ச், முக்கோணப் பலகை எல்லாம் பைகளைத் தொடாமலே எடுக்கும்படி ஒரு பக்கமாக. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறன்று வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகினோம். மகளும் ஒரு நட்டைத் தளர்த்தினாள். தெருவில் எதிர்வீட்டுக்காரர் பஞ்சரா என்று இரண்டு முறை வந்து விசாரித்தார்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033க்கு அழைக்கலாம் என்பது தலைவாசலில் எங்களுக்குத் தெரியாது. சுங்கச்சாவடியில் நாம் கட்டும் பணத்தில் ரோந்து வண்டியும் ஆம்புலன்ஸும் இழுவை வண்டியும் அடக்கம். பாஸ்டேகில் பணம் ஏற்றத் தெரிந்த எங்களுக்கு அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. இன்னொன்று, விபத்தில் சிக்குபவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுச் செலவில் என்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். நாங்கள் ஒவ்வொரு முறையும் கடக்கிற ஊர்.

சாப்பாட்டில் கட்டுச்சோற்றுக்கே திரும்பினோம், ஆனால் அது டிக்கியில் இல்லை, என் காலடியில் இருந்தது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி காலைக்கு. தேங்காய்ச் சட்னி கிடையாது, மே மாத வெயிலில் அது பத்து மணியைத் தாண்டாது. மதியத்துக்குத் தயிர்சாதம். அதில் தயிரைவிடப் பாலை அதிகம் ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தால், சாப்பிடும் நேரத்துக்குத்தான் அது தயிர்சாதமாக ஆகியிருக்கும். என் அம்மாவின் ரயில் பயணக் கைப்பக்குவம். மாமாவின் இன்சுலின் பேனாவை ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயத்தில் வைத்தோம். நிறுத்தும்போது அதைக் கையோடு இறக்கிவிடுவது மகளின் பொறுப்பு. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் சீக்கிரமே அடுப்பாகிவிடும், ஐஸ்மீது நேரடியாக வைத்தாலும் மருந்து உறைந்து கெடும். பன்னிரண்டரைக்கு என் போனில் மணி அடிக்கும், அடித்ததும் எங்கே இருந்தாலும் வண்டி நிற்கும் என்று விதி வைத்தோம். மாமாவின் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம். “என்னைக் குழந்தையாக்கிவிட்டாய் அம்மா” என்றார். பொட்டலத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

மகனுக்குப் பூஸ்டர் இருக்கை வாங்கினோம். போன முறை தாத்தா மடியில்தான் வந்தான். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டம் 2019லேயே வந்துவிட்டது. அபராதத்தை விடுங்கள், தலைவாசலில் கார் சாய்ந்தபோது அவனைப் பிடித்திருந்தது ஒரு முதியவரின் கை மட்டுமே. வாந்திக்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரையும் வாங்கியிருந்தோம். மலைப்பாதையில் போன் கிடையாது என்று அவனிடம் முன்பே ஒப்பந்தம். கண் திரையில் நிலைத்திருக்க, காது உடல் சுழல்கிறது என்று சொல்ல, மூளைக்கு எழும் குழப்பந்தான் குமட்டல். வெளியே பார்த்தால் இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகும்.

நாலேகாலுக்குக் கிளம்பினோம். கோலத்தை முந்தைய இரவே போட்டுவிட்டேன். ஐந்து மணிக்கு முன் பரனூர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானும் கணவரும் மாறி மாறி ஓட்டினோம். போன முறை நான் ஏன் ஓட்டவில்லை என்ற கேள்விக்குத் தாளில் பதில் இல்லை, யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர. பன்னிரண்டரை மணி அடித்தபோது அவிநாசி விடுதி வாசலில் இருந்தோம்.

செவ்வாய் காலை ஆறரைக்குக் கல்லாறு. வரிசை இல்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் மகன் சத்தமாக எண்ணினான். ஒன்பதாவதில் வாந்தி எடுத்தான். பையைத் தயாராக வைத்திருந்தோம், அவ்வளவுதான். குன்னூரை நெருங்கும்போது மகள் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் பலூன்போல உப்பியிருப்பதைக் காட்டினாள். வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைத்த காற்று விரிகிறது. வெப்பமானி முள் பாதியைத் தாண்டவில்லை. நான் ஊட்டியைவிட அந்த முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. இம்முறையும் தேவைக்கு இரண்டு மடங்கு துணி. புதன்கிழமை மாலை எதற்கென்றே நினைவில்லாத ஒரு சண்டை. நாங்கள் இறங்கிய எட்டாம் நாளே, மே 24இல் பருவமழை வழக்கத்துக்கு முன்னதாகக் கேரளத்தில் தொடங்கி, நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். நாங்கள் தப்பியது திட்டத்தால் அல்ல.

இறங்கும்போது குஞ்சப்பனைக்கு மேலே அதே மண்மேட்டில் கணவர் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்ச் சக்கரத்தருகே குனிந்து முகர்ந்தார். வாடை இல்லை. பெடல் கல்லுபோல இருந்தது. “என்ன, இங்கே கோயில் ஏதாவது கட்டப் போகிறானா?” என்றார் மாமா.

இந்த அறிக்கையை முடித்துக் கோப்பில் வைக்கும் முன், தொழிற்சாலைப் பழக்கத்தில், எல்லா எண்களையும் ஒருமுறை நேரில் சரிபார்க்கலாம் என்று காரிடம் போனேன். நான்கு சக்கரங்களும் 2025. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் மேலிருந்த விரிப்பை விலக்கினேன். தலைவாசலில் காற்று நிரப்பி, அதன் பின் மலையேறி இறங்கி, புது டயர்கள் வந்ததும் மறுபடி குழிக்குள் போன அதே சக்கரம். டயர் கடையில் ஐந்தாவதும் மாற்றலாமா என்று கேட்டபோது, “அதுதான் அதிகம் ஓடவே இல்லையே, புதிதாகவே இருக்கிறது” என்று நான்தான் சொன்னேன்.

கையால் தூசியைத் துடைத்தேன். 3816.